‘இண்டஸ்’ கப்பலில் இரண்டு ஹாரியட்கள்

வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் முன்னோர் 1635இல் அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள் என்று ஒரு வரி, குடும்ப வமிசாவளிகளில் கைமாறிக் கைமாறி வருகிறது. கப்பலின் பெயர் கிடையாது, துறைமுகம் கிடையாது. ஆண்டு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதபடி நிற்கிறது. ஆதாரம் எதுவும் காட்டாமல் ஆண்டை மட்டும் அழுத்திச் சொல்லும் வரியைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்த 1635 யாருடைய ஆண்டு என்பதுதான் இந்தத் தேடல்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டே விட்டார்: “ஸ்கடரம்மாவோட பாட்டன் பூட்டன் எந்த ஊரா இருந்தா உனக்கென்ன தம்பி? நம்ம பாட்டன் ஊரைக் கண்டுபிடிச்சியா முதல்ல?” நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் தெருவில் ‘வேலூருக்குக் கொண்டு போயிருக்காங்க’ என்றால் நோய் பெரியது என்று பொருள். காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடிக்காத குடும்பம் இங்கே குறைவு. குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆரணி என்று பழைய வடஆர்க்காட்டிலிருந்து மில் வேலைக்கும் ரயில் வேலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் தெருவில் பாதி. சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1856இல் வாலாஜா ரோடு வரை வந்து நின்றது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டை எட்டியது. அதே பாதையோரத்தில், ராணிப்பேட்டையில், 1866இல் சைலஸ் ஸ்கடர் ஆஸ்பத்திரி திறந்தார். எங்கள் மூத்தவர்கள் கடந்து வந்த வழியில்தான் இந்தக் குடும்பமும் குடியிருந்தது.

வமிசாவளித் தேடலில் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். மேலிருந்து இறங்கினால் விரும்பிய முன்னோர் எவரையும் ஒட்டிக்கொள்ளலாம். ஐடாவிலிருந்தே தொடங்கினேன்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை ஜான் ஸ்கடர், 1835இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் ஜான் ஸ்கடர். அவர்தான் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்த முதல் ஜான். இரண்டு ஜான்களும் டாக்டர்கள், இரண்டு பேரும் மிஷனரிகள். தேதி போடாத கடிதம் எதையும் இவர்களில் ஒருவர் கணக்கில் சேர்க்கத் துணிவு வேண்டும்.

முதல் சிக்கல் இங்கேயே எழுந்தது. முதல் ஜானுக்கு எத்தனை மகன்கள்? ஆறு என்று சில நூல்கள், ஏழு என்று சில. பெயர்களை எழுதிப் பார்த்தேன்: ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப், சாமுவேல், எசெக்கியேல், ஜேரட், சைலஸ், ஜான். எட்டு பேர். இதில் சாமுவேல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்தவர். இந்தியாவில் ஊழியம் செய்யவில்லை. மிஷனரிகளை எண்ணியவர்களுக்கு ஏழு கிடைத்தது. பிள்ளைகளை எண்ண வேண்டிய இடத்தில் ஊழியர்களை எண்ணியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றிய நூல்களில் இது தொடர்ந்து வரும் பழக்கம். 1984இல் வந்த குடும்ப வரலாற்று நூலின் தலைப்பே ஆயிரம் ஆண்டு ஊழியத்தைச் சொல்கிறது. பல தலைமுறையினரின் ஊழிய ஆண்டுகளைக் கூட்டி வந்த எண் அது. அந்தக் கூட்டலில் சாமுவேல் வரமாட்டார். பெற்றோருடன் கப்பலேறி, வந்த வேகத்தில் கல்கத்தாவில் இறந்துபோன மூத்த பெண் குழந்தையும் வரமாட்டாள்.

முதல் ஜானைப் பற்றிய அடிப்படை நூல் 1870இல் நியூயார்க்கில் வந்த நினைவு நூல். எழுதியவர் ஜே. பி. வாட்டர்பரி. ஜானின் மனைவி ஹாரியட் வாட்டர்பரி; நூலாசிரியர் அவருடைய சகோதரர். மச்சினன் எழுதிய வாழ்க்கை வரலாறு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே படிக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தவருக்கு மட்டும் தெரியும் செய்திகள் அதில் உண்டு. வீட்டுக்குள் இருந்தவர் சொல்லாமல் விடும் செய்திகளும் இருக்கும். அதனால் தேதிகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு வேறிடத்தில் சரிபார்த்தேன். ஜான் 1793 செப்டம்பர் 3 அன்று நியூ ஜெர்சியின் ஃப்ரீஹோல்டில் பிறந்தார். 1811இல் பட்டம், 1813இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம். பிரின்ஸ்டன் பட்டதாரி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்தக் கல்லூரிக்கு 1896 வரை ‘காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி’ என்றுதான் பெயர். பழைய பட்டியல்களில் பழைய பெயரில் தேடினால்தான் ஆள் கிடைப்பார்.

அந்தத் தேடலில் ஜானோடு இன்னொருவரும் வெளியே வந்தார். அதே கல்லூரி, 1751ஆம் ஆண்டுப் பட்டதாரி: நதானியேல் ஸ்கடர். ஜானின் தந்தைவழிப் பாட்டனார். மான்மத் கவுண்டியில் டாக்டராக இருந்தவர். ஆகவே ‘பரம்பரை பரம்பரையாக டாக்டர்கள்’ என்ற பேச்சு உறுதிப்பட்டது போலத் தோன்றியது. ஆனால் பாட்டனாருக்கும் பேரனுக்கும் நடுவில் ஜோசப் ஸ்கடர் நிற்கிறார். அவர் வக்கீல். மகன் ஜான் பாதிரியாராகப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை, அதனால்தான் ஜான் மருத்துவம் படிக்கப் போனார் என்பது குடும்ப மரபு. அது சரியானால், மருத்துவம் இந்தக் குடும்பத்தில் பரம்பரையாகத் தானே இறங்கி வந்ததல்ல. ஒரு வக்கீல் அப்பாவின் மறுப்பால் திரும்பி வந்தது. இந்தச் சங்கதி வேலூரில் கேட்ட எந்தப் பேச்சிலும் என் காதில் விழுந்ததில்லை.

நதானியேல் வெறும் டாக்டர் மட்டுமல்லர். அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்து நடத்திய கான்டினென்டல் காங்கிரசில் 1778, 1779 ஆண்டுகளில் நியூ ஜெர்சியின் பிரதிநிதி. கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். 1781 அக்டோபர் 16 அன்று ஷ்ரூஸ்பரி அருகே, ஆங்கிலேயர் பக்கம் நின்ற உள்ளூர்ப் படையுடன் நடந்த சிறு மோதலில் சுடப்பட்டு இறந்தார். போர்க்களத்தில் உயிர்விட்ட ஒரே காங்கிரஸ் உறுப்பினர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இறந்தபோது அவர் காங்கிரசில் இல்லை, முன்னாள் உறுப்பினர்.

அவர் இறந்த மூன்றாம் நாள் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அதே கார்ன்வாலிஸ் 1791 மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டையைத் திப்புவிடமிருந்து பிடித்தார். மதிலில் எந்த இடத்தை உடைத்து உள்ளே புகுந்தார்கள் என்று சொல்லும் கல் பலகை கோட்டையில் இன்றும் இருக்கிறது. வமிசாவளிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. மார்க்கெட் பக்கம் போகும்போது அந்தப் பலகையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நதானியேலின் பிறப்பில் ஒரு முரண். 1733 மே 10 என்ற தேதியில் சர்ச்சை இல்லை. இடத்தில்தான் சர்ச்சை: ஃப்ரீஹோல்டு என்று ஒரு மரபு, லாங் ஐலண்டில் உள்ள ஹண்டிங்டன் என்று இன்னொரு மரபு. அற்ப விஷயம் போலத் தெரியும். ஆனால் இந்த இடத்தில்தான் தேடலின் பாதை பிரிகிறது. நியூ ஜெர்சியில் ஸ்கடர்கள் இரண்டு வழியாக வந்து சேர்ந்தார்கள். டெலவேர் ஆற்றங்கரையில் ட்ரெண்டன் பக்கம் ஒரு கிளை. இன்றும் அங்கே ‘ஸ்கடர் ஃபால்ஸ்’ என்று ஒரு பாலம் உண்டு. மான்மத் கவுண்டியில் மற்றொரு கிளை. பெயரும் மாநிலமும் ஒன்றாக இருப்பதால் ஒரு கிளையின் பாட்டனாரை மற்றதில் ஒட்டவைத்த வமிசாவளிகள் உண்டு. நதானியேலின் தந்தை ஜேக்கப் ஹண்டிங்டனிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் என்பது நிலைத்தால், ட்ரெண்டன் கிளையை ஒதுக்கிவிட்டு நேரே ஹண்டிங்டனுக்குப் போகலாம். குழந்தை கிளம்பும் முன்பு பிறந்ததா, வந்து சேர்ந்த பிறகா என்பது மட்டுமே சர்ச்சை. குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு மரபும் ஒத்துப்போகின்றன. முரண்படும் இரண்டு சாட்சிகள் தம்மை அறியாமல் ஒத்துக்கொள்ளும் விஷயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஹண்டிங்டனின் ஊர்ப் பதிவேடுகள் 1880களின் இறுதியில் மூன்று தொகுதிகளாக அச்சேறின. நம்மூர்க் கர்ணம் கணக்கோடு பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு தொகுப்பு. வேலி எல்லை, மேய்ச்சல் உரிமை, மாட்டுக் காது அடையாளம், கடன் வழக்கு எல்லாம் அதில் உண்டு. ஊரின் தொடக்கம் 1653 ஏப்ரல் 2 தேதியிட்ட நிலக் கிரயம். விற்றவர்கள் மாட்டினெகாக் மக்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள். கொடுத்த விலையில் ஆறு கோட்டு, ஆறு கைக்கோடாரி, பத்துக் கத்தி, முப்பது ஊசி, ஆறு ஃபேதம் வாம்பம் ஆகியவை அடங்கும். ஃபேதம் என்பது ஆறடி நீளம். வாம்பம் என்பது சிப்பியைக் குடைந்து கோத்த மணிச்சரம், அக்காலத்தில் அது நாணயமாகவும் புழங்கியது. ஆறு மைல் சதுரம் என்று சொல்லப்பட்ட நிலத்துக்கு இந்த விலை. நில உரிமை என்று ஒரு பக்கம் எதைப் புரிந்துகொண்டது, மறுபக்கம் எதைப் புரிந்துகொண்டது என்பதை இந்தப் பொருள் பட்டியலே கேட்கவைக்கிறது. ஸ்கடர்கள் அந்த முதல் கிரயத்தில் இல்லை. அதே தீவின் சவுத்தோல்டு ஊரில் சில காலம் இருந்துவிட்டு 1650களில் ஹண்டிங்டனுக்கு வந்தவர்கள். அண்ணன் தம்பிகளில் ஹென்றியும் தாமஸும் அங்கேயே தங்க, ஜான் மேற்கே நியூடவுனுக்குப் போனார். ட்ரெண்டன் கிளை அந்த ஜானுடைய வழி. நமக்கு வேண்டியவர் தாமஸ். அவருக்குப் பின் பெஞ்சமின், ஜேக்கப் என்று வமிசாவளி இறங்குகிறது.

தாமஸ் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும் காகிதம் மாசசூசெட்ஸின் சேலத்தில் இருக்கிறது. இந்தச் சேலம் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். மிஷன் ஆவணங்களில் ‘சேலம்’ என்று தேடினால் நம்முடைய சேலம்தான் வந்து குவிகிறது. லண்டன் மிஷனரி சங்கம் 1827இலிருந்தே அங்கே நிலையம் நடத்தியது. ஸ்கடர்களோ பக்கத்து ஆர்க்காட்டில் இருந்தவர்கள். ஆர்க்காட்டு ஸ்கடரைத் தேடும்போது எந்தச் சேலத்து ஸ்கடர் என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காகிதம், மூத்த தாமஸ் ஸ்கடரின் உயில். 1657 செப்டம்பரில் எழுதப்பட்டது. எசெக்ஸ் கவுண்டி நீதிமன்றத்தில் மறு ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்தல், அதாவது நம் கோர்ட்டு மொழியில் ‘புரொபேட்’, எழுதியவர் இறந்த பிறகு உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்வது. அக்கால ஆங்கில நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் ஓராண்டு பிசகு வரும். செப்டம்பர் தேதிக்கு அந்தத் தொல்லை இல்லை. எசெக்ஸ் உயில்களின் முதல் தொகுதி 1916இல் அச்சானது. இன்று அதை ஸ்ரீராம்புரத்தில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே புரட்டலாம்.

உயிலில் வரும் பெயர்கள்: மனைவி எலிசபெத், மகன்கள் ஜான், தாமஸ், ஹென்றி, மகள் எலிசபெத் பார்த்தலோமியூ, இறந்துபோன மகன் வில்லியமின் பிள்ளை தாமஸ். ஜான், தாமஸ், ஹென்றி மூவரும் ஹண்டிங்டன் அண்ணன் தம்பிகளோடு அப்படியே பொருந்துகிறார்கள். மூன்று சாதாரணப் பெயர்கள் பொருந்துவது மட்டும் சான்றாகிவிடாது. ஆனால் ஸ்கடர் என்ற அரிய குடும்பப் பெயர், அதே பத்தாண்டு, அதே மூவர், சேலத்திலிருந்து லாங் ஐலண்டுக்குப் பலரும் போய்க்கொண்டிருந்த காலம் என்று நான்கும் சேரும்போது எடை கூடுகிறது.

இன்னொரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. உயிலில் மூன்று தாமஸ்கள் இருக்கிறார்கள்: எழுதியவர், மகன், பேரன். ஹண்டிங்டனில் நிலம் வாங்கியவர் பேரனாக இருந்தால் ஒரு தலைமுறை கூடிவிடும், ஐடா வில்லியமின் வழியாகிவிடுவார். பேரன் தாமஸின் தந்தை இறந்துவிட்டதால் பாட்டனார் தனியாகப் பெயர் சொல்லிப் பங்கு வைக்கிறார்; தந்தையற்ற சிறுவனுக்கு வைக்கும் ஏற்பாடு போலத்தான் அது படுகிறது. 1650களிலேயே அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து வீட்டு மனை வாங்கும் வயதில் அவன் இருந்திருக்க முடியாது. மகன் தாமஸ்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா கேட்டது இந்த இடத்தில் சுருக்கென்றது. 370 ஆண்டுக்கு முன் சேலத்தில் செத்த ஒரு குடியானவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் முந்திக்கொண்டு இறந்தார் என்பது எனக்குத் தெரிகிறது. மல்லேஸ்வரம் எல்லையில் இருந்த ராஜா மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போன எங்கள் தாத்தாவின் அப்பா பெயரைச் சொல்லும் காகிதம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மில் இருந்த இடத்தில் இப்போது மால் நிற்கிறது. சொத்து வைத்திருந்தவருக்குத்தான் உயில்; அவருக்குத்தான் வமிசாவளி.

இனி 1635. சேலத்து ஆவணங்களில் மூத்த தாமஸ் தென்படுவது 1642இலிருந்துதான். அதற்கு முந்தைய ஏழாண்டுக்கு அவர் பெயரில் ஒரு துண்டும் இல்லை. பின் அந்த ஆண்டு எங்கிருந்து முளைத்தது? ஜேம்ஸ் சாவேஜ் 1860களின் தொடக்கத்தில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் அகராதி போன்ற நூல்களில், தாமஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்கடர் வருகிறார்: ஜான். 1635இல் ‘ஜேம்ஸ்’ என்ற கப்பலில் வந்தவராகக் குறிக்கப்படுபவர் இவர்தான். பின்னால் மாசசூசெட்ஸின் பார்ன்ஸ்டபிளில் குடியேறியவர். மூத்த தாமஸின் மகன் ஜான் வேறு, இந்த ஜான் வேறு. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஸ்கடர்களில், கப்பலும் தேதியும் உள்ளவரின் ஆண்டு இல்லாதவர் மேல் ஒட்டிக்கொண்டது என்று ஊகிக்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதி மாதாகோயில் ஏடுகளில் ஸ்கடர் பெயர் நிறைய வருகிறது, இரு குடும்பங்களுக்கும் உறவு இருக்கலாம். ஆனால் ஆண்டு ஜானுடையது. என் வரைபடத்தில் தாமஸுக்கு எதிரே ‘1642க்கு முன்’ என்று திருத்தி, பார்ன்ஸ்டபிள் ஜானை வெளியே தள்ளி வைத்தேன்.

வெளியே தள்ளியவர் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தார்.

1819 ஜூன் 8 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ‘இண்டஸ்’ கப்பலின் பயணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க மிஷனின் மாத இதழ் ‘மிஷனரி ஹெரால்டு’ அந்த ஆண்டில் ‘பனோப்ளிஸ்ட்’ என்ற பெயரையும் முன்னால் தாங்கி வந்ததால், பட்டியலில் தவறவிடுவது எளிது. கப்பலில் ஸ்பால்டிங், உட்வர்டு, வின்ஸ்லோ, டாக்டர் ஸ்கடர் ஆகியோரின் குடும்பங்கள். இந்த வின்ஸ்லோதான் 1862இல் வந்த தமிழ் அகராதியின் மைரன் வின்ஸ்லோ. அவர் மனைவியின் பெயரும் ஹாரியட். ஸ்கடரின் மனைவி ஹாரியட் வாட்டர்பரி. வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட் வாட்ஸ்வொர்த் லாத்ராப். ‘ஹாரியட் டபிள்யூ’ என்று மட்டும் வரும் இடத்தில் எவரையும் கொள்ளலாம். இருவரையும் பிரித்து அடையாளம் காண்பதற்காகவே வின்ஸ்லோ அம்மையாரின் குடும்பத்தைத் தேடினேன். கனெக்டிகட்டின் நார்விச்சில் 1796இல் பிறந்தவர், 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கியவர், 1833இல் இறந்தவர்.

லாத்ராப் குடும்பத்துக்கு 1884இல் அச்சான பெரிய வமிசாவளி நூல் ஒன்று உண்டு. நார்விச் லாத்ராப்களின் வேர் சாமுவேல் லாத்ராப், பார்ன்ஸ்டபிளின் தொடக்கக் காலப் பாதிரியாருடைய மகன். சாமுவேலின் திருமணம் 1644 நவம்பர் 28 அன்று பார்ன்ஸ்டபிளில் நடந்தது. மணப்பெண் எலிசபெத் ஸ்கடர், பார்ன்ஸ்டபிள் ஜானின் சகோதரி.

இதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது? வின்ஸ்லோவின் ஹாரியட், எலிசபெத் ஸ்கடரின் வழித்தோன்றல் என்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு. நார்விச்சின் லாத்ராப் வீடுகள் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கணவன் பெயரால் ஸ்கடர் ஆன ஹாரியட்டுக்கோ ஸ்கடர் இரத்தம் கிடையாது. ஆக, ‘இண்டஸ்’ கப்பலில் வந்த இரண்டு ஹாரியட்களில், குடும்பப் பெயரைத் தாங்காதவர்தான் பிறப்பால் ஸ்கடர் வழியினர் என்று ஆகிறது. வமிசாவளிகள் ஆண்கள் பெயரின் கீழே அடுக்கப்படுவதால், 1644இல் பெயர் மாறிய எலிசபெத்தோடு அந்த வழி ஸ்கடர் நூல்களிலிருந்து மறைந்து, லாத்ராப் நூலில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க யாருக்கும் தேவை எழவில்லை போலும்.

பண்டத்தரிப்பில் ஸ்கடர் வீடு. உடுவிலில் வின்ஸ்லோ வீடு. இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. யாழ்ப்பாண நிலையங்களிலிருந்து பாஸ்டனுக்குப் போன கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஹாரியட்களும் ஒருவரையொருவர் குறிப்பிடும் இடங்களைப் பார்க்க வேண்டும், உறவு முறை எதையாவது சொல்லி எழுதியிருக்கிறார்களா என்று. அதுவரை என் வரைபடத்தில் எலிசபெத்திலிருந்து உடுவில் ஹாரியட் வரை போகும் கோடு பென்சிலில்தான் இருக்கிறது.